கனத்த மனமும் காந்தத் துடிப்பும்

ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. இருந்த கொஞ்சப் பேச்சும் குறைந்துவிட்டது. பல வருடங்களாக உயிராக நேசித்த வரைபடங்களை இப்போது தொடுவதே இல்லை. "ஆட்டிசம் என்றால் அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துபோவது மருத்துவர்களிடமும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஆனால், இருந்த ஆர்வமும் வற்றிப்போவது ஆட்டிசத்தின் இயல்பு அல்ல, மனச்சோர்வின் அடையாளம். எண்ணிப் பார்க்கத் தொடங்கிய பிறகே இதன் பரப்பு தெரிந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை வளர்ந்த பிறகு கண்டறியப்பட்ட 374 பேர் இடம்பெற்றார்கள். அவர்களில் 66 விழுக்காட்டினர் வாழ்நாளில் எப்போதாவது தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். பொதுமக்களிடம் அந்த அளவு சுமார் 17 விழுக்காடு. மருத்துவ உதவியைத் தேடி வந்தவர்களின் கணக்கு என்பதால் இது எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும், பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த மதிப்பீடும் இதே பக்கம்தான் சாய்ந்தது: வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. பள்ளிப்பருவம் முடியும் வயது இதில் மிக இக்கட்டானது. அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டம் தரும் உரிமைகள் 21, 22 வயதோடு முடிந்துவிடுகின்றன. அதுவரை கைபிடித்து நடத்திய ஏற்பாடுகள் விலகுகிற அதே நேரத்தில் வேலை, நட்பு, தனிவாழ்க்கை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இந்த இளைஞர்களுக்கு மருத்துவத்தின் கையில் என்ன இருக்கிறது? மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன, அவை ஏராளமாக எழுதித் தரப்படவும் செய்கின்றன. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களின் மனச்சோர்வை அவை தணிக்கின்றனவா என்று முறையாகச் சோதித்த ஆய்வுகளைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். இருக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை வேறு நோக்கத்துக்காக நடந்தவை. சிட்டலோபிராம் என்ற மருந்தை ஆட்டிசம் உள்ள 149 குழந்தைகளிடம் சோதித்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களைக் குறைப்பதைத்தான் குறிவைத்தது. மருந்துப்போலியைவிட மருந்து மேலாக ஒன்றும் செய்யவில்லை. துடிதுடிப்பு, தூக்கக் கெடுதல் போன்ற பக்கவிளைவுகள்தான் மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தன. போதாததற்கு, 24 வயது வரையிலானவர்களுக்கு இவ்வகை மருந்துகள் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உறைத்தாளிலேயே அச்சிட வைத்திருக்கிறது. பேச்சுவழிச் சிகிச்சை பயனுள்ளது, ஆனால் தன் உணர்வை இனங்கண்டு சொல்லாக்கும் திறனை அது முன்கூட்டியே கேட்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதுதான் கடினம். ஆகவே மூன்றாவது வழி ஒன்றைத் தேடுவது நியாயமானது. காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். சிகிச்சை அப்படியொரு வழியாகலாம் என்பதும், அதை இந்த இளைஞர்களிடமே தனியாகச் சோதிக்காமல் கொடுப்பதும் தவறு, மறுப்பதும் தவறு என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

இதன் அடிப்படை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். நரம்பணுக்களும் மின்சாரத்தில் இயங்குபவை. எனவே மண்டையோட்டைத் திறக்காமல், மின்முனை எதையும் பொருத்தாமல், வெளியிலிருந்தே அவற்றை இயக்க முடியும். இதை 1985இல் செய்துகாட்டியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆண்டனி பார்க்கர். இன்றைய சிகிச்சையறையில் எட்டு வடிவக் கம்பிச்சுருள் ஒன்றைத் தலையருகே வைத்து, ஒரு மில்லி நொடிக்கும் குறைந்த நேரத்துக்கு வலிய மின்னோட்டத்தை அதில் பாய்ச்சுகிறார்கள். அப்போது எழும் காந்தப் புலம் எம்.ஆர்.ஐ. கருவியின் புலத்துக்கு நிகரானது, ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் எட்டும். முதல் நாள் வேலை அளவு பார்ப்பது. கை அசைவை ஆளும் பகுதியின் மேல் சுருளை வைத்து, துடிப்பின் வலிமையைப் படிப்படியாக ஏற்றுவார்கள். இருக்கையில் தளர்வாகக் கிடக்கும் வலக்கையின் பெருவிரல், உரியவர் நினைக்காமலேயே, சட்டென்று ஒருமுறை துள்ளும். அந்தத் துள்ளலை எழுப்பும் மிகக் குறைந்த வலிமை அந்த மனிதருக்கான அளவுகோல். பிறகு சுருளைச் சில சென்டிமீட்டர் முன்னுக்கு நகர்த்தி, இடது முன்நெற்றிப் பகுதியின் மேல் நிறுத்தி, பெரும்பாலும் அந்த அளவின் 120 விழுக்காட்டில் சிகிச்சை தொடங்கும். பழைய முறையில் 4 நொடித் துடிப்பு, 26 நொடி ஓய்வு என்று 37 நிமிடங்களுக்கு மேல் 3,000 துடிப்புகள். தீட்டா வெடிப்பு எனப்படும் புதிய முறையில் 600 துடிப்புகள் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் இது தொடரும்.

மனச்சோர்வுக்கு இது பயன்படலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஜார்ஜ், ஆண்டு 1995. அமெரிக்காவில் முதல் கருவிக்கு 2008இல் அனுமதி கிடைத்தது. கிடைத்த பலனின் அளவை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 190 பேரை வைத்து 2010இல் ஜார்ஜ் குழுவினர் வெளியிட்ட சோதனையில் மனச்சோர்விலிருந்து முழுமையாக விடுபட்டவர்கள் உண்மைச் சிகிச்சை பெற்றோரில் 14 விழுக்காடு, துடிப்பைச் செலுத்தாத போலிச் சுருளின் கீழ் உட்கார்ந்தவர்களில் 5 விழுக்காடு. வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. கனடாவில் 414 பேரிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வு, மூன்று நிமிட முறை நீண்ட முறைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. முழுமையாக மீண்டவர்கள் முறையே 32, 27 விழுக்காடு. அந்த ஆய்வில் போலிச் சிகிச்சைப் பிரிவு கிடையாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருந்து ஏதும் உடலில் ஏறுவதில்லை, எடை கூடுவதில்லை, மயக்க மருந்து தேவையில்லை, முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்பவை இதன் உண்மையான வசதிகள். மருந்துக்கு வசப்படாத மனச்சோர்வில் மூன்றில் ஒருவரோ நான்கில் ஒருவரோ மீள்வது சின்ன விஷயமும் அல்ல.

அப்படியானால் மற்றவர்களுக்குப் பயன்படுவதை ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் நிதானம் தேவை. டி.எம்.எஸ். வேலை செய்வதே நரம்பணுக்களின் இணைப்புகள் பயிற்சிக்கு ஏற்ப இறுகவும் தளரவும் செய்யும் நெகிழ்திறனை நம்பித்தான். ஆட்டிசத்தில் அந்த நெகிழ்திறனே வேறு மாதிரி இருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. பாஸ்டனில் லிண்ட்சே ஓபர்மனும் ஆல்வாரோ பாஸ்குவல்-லியோனும் செய்த சோதனைகளில், தீட்டா வெடிப்புக்குப் பிறகு மூளைப் புறணியில் உண்டான மாற்றம், ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் மற்றவர்களைக் காட்டிலும் நீண்ட நேரம் நிலைத்தது. ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் சிலரிடமோ, அடக்க வேண்டிய தூண்டல் நேர்மாறாகக் கிளர்த்தியது. ஒரே மழைதான், களிமண்ணில் தேங்கி நிற்கும், மணலில் உடனே இறங்கிவிடும். அதைப் போல, 600 துடிப்பு என்ற ஒரே அளவு இரண்டு மூளைகளில் இரண்டு அளவாகிவிடலாம். அது நன்மையாகவும் முடியலாம், குறைந்த அளவிலேயே பலன் கிடைக்கலாம். வேண்டாத பக்கம் தள்ளவும் கூடும். ஆட்டிசம் உள்ள அமெரிக்க எழுத்தாளர் ஜான் எல்டர் ராபிசன் 2008இல் பாஸ்டன் ஆய்வுகளில் பங்கேற்ற அனுபவத்தை 2016இல் 'ஸ்விட்ச்டு ஆன்' என்ற நூலாக எழுதினார். பிறர் உணர்ச்சிகள் திடீரென்று தமக்குப் புலப்பட்டதையும், அதுவரை தாம் உணராதிருந்த துயரங்கள் உள்ளே வந்து புகுந்ததையும், மணவாழ்க்கை முறிந்ததையும் அதில் அவரே சொல்கிறார். ஒருவரின் அனுபவம் சான்றாகாது. ஆனால் என்னென்ன கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை அது கற்றுத்தருகிறது.

இதுவரை நேரடியாகக் கிடைத்திருக்கும் சான்று சிறிது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் எண்டிகாட் குழுவினர் 28 பெரியவர்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு சமூக உறவாடலில் முன்னேற்றம் கண்டது. டொராண்டோவில் ஸ்டெஃபனி அமெய்ஸ் குழுவினர் 16 முதல் 35 வயது வரையிலான 40 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்டது திட்டமிடல், நினைவாற்றல் போன்ற செயலாட்சித் திறன்களைக் குறிவைத்தது. அங்கே உண்மைச் சுருளுக்கும் போலிச் சுருளுக்கும் ஒட்டுமொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மனச்சோர்வையே குறிவைத்து அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்த சிறிய ஆய்வில், சிகிச்சையை முடித்த சுமார் பத்துப் பேரில் பலருக்கு மனச்சோர்வு குறைந்தது. ஆனால் அதில் போலிச் சிகிச்சைப் பிரிவே கிடையாது. இவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஆட்டிசம் உள்ள இளைஞர்களால் வாரக்கணக்கில் தொடர்ந்து வந்து இந்தச் சிகிச்சையைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. பலன் உண்டா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. போலிச் சிகிச்சை இல்லாத ஆய்வுகளை நம்பக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம் அருகிலேயே இருக்கிறது. பொதுவான இளம்பருவ மனச்சோர்வுக்காக 103 பேரிடம் நடந்து 2021இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் உண்மைச் சிகிச்சைக்குப் பலன் கண்டவர்கள் 41.7 விழுக்காடு, போலிக்கு 36.4 விழுக்காடு. தினமும் ஒருவர் அக்கறையோடு வரவேற்று, உட்காரவைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதே தனிமையில் கிடக்கும் இளைஞருக்கு மருந்தாகும்போது, அந்தப் பங்கைப் பிரித்துப் பார்க்காமல் காந்தத்துக்குப் புகழ் சேர்ப்பது முறையாகாது. சிறிய ஆய்வுகளில் நம்பிக்கையூட்டிய ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன், ஆட்டிசம் உள்ள 290 குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையில் 2021இல் ஒன்றுமில்லாமல் போனதையும் மறந்துவிடக் கூடாது.

இந்த முயற்சிக்கு எழும் எதிர்ப்புகளில் மிகவும் ஆழமானது ஆட்டிசம் உள்ளவர்களிடமிருந்தே வருகிறது. மனச்சோர்வு என்ற பெயரில் எங்களையே மாற்றப் பார்க்கிறீர்கள் என்கிறார்கள். இந்த ஐயம் வரலாற்றில் வேர்விட்டது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஓர் உறைவிடப் பள்ளியில், நடத்தையைத் திருத்துவதற்காக ஆட்டிசம் உள்ளவர்களின் தோலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். உணவு மருந்து நிர்வாகம் 2020இல் அதைத் தடைசெய்தது, 2021இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தண்டனையாகத் தரும் மின்னதிர்ச்சிக்கும் சம்மதத்தோடு பெறும் காந்தத் துடிப்புக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை என்று அறிவியலாளர் சொல்லலாம், அது சரியும்கூட. ஆனால் நம்பிக்கையை விளக்கவுரையால் மட்டும் சம்பாதிக்க முடியாது. ஆய்வு எதை அளக்கிறது என்பதில்தான் அதன் நேர்மை தெரியும். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, கையை அசைப்பதை நிறுத்தினாரா என்று அளக்கும் ஆய்வு மனச்சோர்வு ஆய்வு அல்ல. காலையில் எழ முடிகிறதா, பிடித்த வரைபடங்களிடம் திரும்பினாரா, வாழ வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பதுதான் மனச்சோர்வு ஆய்வு. சிகிச்சை முடிந்தபின் அவர் முன்போலவே ஆட்டிசம் உள்ளவராக, ஆனால் துயரம் குறைந்தவராக இருந்தால் அது முழு வெற்றி. இந்த அளவைகளைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் ஆட்டிசம் உள்ளவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு: இவர்களின் மனச்சோர்வுக்குக் காரணம் மூளையில் இல்லை, உலகத்தில் இருக்கிறது. பள்ளியில் கேலி, வேலைக்கான நேர்காணலில் நிராகரிப்பு, இயல்பானவரைப் போல நாள் முழுவதும் நடித்து வீடு திரும்பும் களைப்பு. இதை நான் மறுக்கவில்லை. 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், இப்படித் தன்னை மறைத்துக்கொள்வதும் தேவையான உதவி கிடைக்காததும் தற்கொலை எண்ணத்தோடு நெருக்கமாகப் பிணைந்திருப்பது தெரிந்தது. இந்தக் காரணங்களைக் களையாமல் சுருளை மட்டும் தலையில் வைப்பது நியாயமாகாது. ஆனால் காரணம் வெளியே இருப்பதால் நிவாரணமும் வெளியே மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது பிழையான தர்க்கம். வறுமையால் வந்த காசநோய்க்கும் மருந்து கொடுக்கத்தான் செய்கிறோம், வறுமை ஒழியட்டும் என்று காத்திருப்பதில்லை. மனச்சோர்வு ஆழமானபின் அதுவே தனியொரு நோயாக நின்றுவிடுகிறது. நல்ல வேலையையும் நட்பையும் கொண்டுவந்து கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் வலு அவரிடம் இருப்பதில்லை. ஆதரவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

மூன்றாவது எதிர்ப்பு பாதுகாப்பு பற்றியது. டி.எம்.எஸ்.இன் கடுமையான ஆபத்து வலிப்பு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அமர்வுகளின் விவரங்களைத் திரட்டி 2019இல் வந்த கணக்கெடுப்பில் பதிவான வலிப்புகள் 24. அவற்றிலும் பெரும்பாலானவை ஏற்கெனவே ஆபத்துக் காரணி இருந்தவர்களிடம் நேர்ந்தவை. இது மிகக் குறைவுதான். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம், அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகம். எனவே வலிப்பு வரலாற்றை வழக்கத்தைவிடக் கூர்ந்து விசாரிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு துடிப்பின்போதும் சுருள் கூர்மையாகச் சொடுக்கும். அருகில் அந்த ஒலி 100 டெசிபெலுக்கு மேல் போகக்கூடும். மண்டையின் மேல் யாரோ விரல் நுனியால் விடாமல் தட்டுவது போன்ற உணர்வும் உண்டு. மற்றவர்களுக்குச் சலிப்பாக முடிவது, ஒலியும் தொடுகையும் சுடுகிற ஒருவருக்கு வதையாகலாம். இதற்கு வழி இருக்கிறது. சிகிச்சைக்கு முன் ஒருநாள் வெறுமனே வந்து கருவியைத் தொட்டுப் பார்க்கலாம். காதடைப்பானை அவரே தேர்ந்தெடுக்கலாம். முதல் வாரம் வலிமையை மெல்ல ஏற்றலாம். நிறுத்து என்பதற்குச் சொல் வராத நேரத்துக்காகக் கைச்சாடை ஒன்றை முன்பே பேசிவைக்கலாம். அறையின் விளக்கைத் தணிக்கலாம், தினமும் அதே பணியாளர், அதே நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இவை சலுகைகள் அல்ல, மருந்தளவைப் போலச் சிகிச்சையின் பகுதிகள்.

நான்காவது சிக்கல் அளவுகோலே. மனச்சோர்வை மதிப்பிடும் வழக்கமான படிவங்கள் ஆட்டிசம் இல்லாதவர்களை மனதில் வைத்து உருவானவை. தூக்கம் எப்படி, பசி எப்படி, கவனம் சிதறுகிறதா என்று அவை கேட்கின்றன. இவை மூன்றும் மனச்சோர்வு இல்லாதபோதும் ஆட்டிசத்தில் மாறியிருக்கக்கூடும். மருத்துவர் முகத்தைப் பார்த்துச் சோகத்தை எடைபோடும் பட்டியல்களோ, முகபாவம் குறைந்த ஒருவரை நலமாக இருக்கும்போதும் சோர்ந்தவராகக் காட்டும், உள்ளே உடைந்துகொண்டிருக்கும்போதும் அமைதியானவராகக் காட்டும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாதவரிடம், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் நம்பிக்கையிழந்தீர்கள் என்று கேட்டால் வரும் எண்ணுக்கு என்ன மதிப்பு? இது சோதனையைக் கைவிடுவதற்கான காரணம் அல்ல, செம்மைப்படுத்துவதற்கான காரணம். அவரவர் வழக்கத்தை அவருக்கே அளவுகோலாக்கலாம். வீட்டார் கவனிப்பதையும் தூக்கத்தைப் பதியும் கைக்கருவியையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். படிவங்களை முதலில் இவர்களிடம் சோதித்துத் திருத்திவிட்டுச் சிகிச்சைச் சோதனையைத் தொடங்கலாம்.

இத்தனை தயக்கமும் எதற்கு, கருவிதான் கையில் இருக்கிறதே, விரும்பியவர்கள் பெற்றுக்கொள்ளட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. சந்தை ஏற்கெனவே அதைத்தான் செய்கிறது. ஆட்டிசத்தையே சரிசெய்வதாகச் சொல்லி, அனுமதிக்கப்படாத பயனுக்குப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு இந்தச் சிகிச்சையை விற்கும் மையங்கள் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் இயங்குகின்றன. ஆட்டிசத்தின் மையக் கூறுகளுக்கு டி.எம்.எஸ். பயன்படும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதை 2016இலேயே இத்துறையின் ஆய்வாளர்கள் கூட்டறிக்கையாக எழுதிவிட்டார்கள். பெற்றோரின் தவிப்பைப் பணமாக்கும் அந்த வழிக்கும், இவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்று சொல்லி மனச்சோர்வு ஆய்வுகளிலிருந்தே விலக்கிவைக்கும் வழிக்கும் நடுவில் நேரான பாதை ஒன்று இருக்கிறது. சில நூறு ஆட்டிச இளைஞர்களைச் சேர்த்து, போலிச் சுருளோடு ஒப்பிட்டு, துடிப்பின் அளவை அவர்கள் மூளைக்கு ஏற்பத் தேடி, சிகிச்சைக்குப் பிறகும் ஓராண்டாவது தொடர்ந்து கவனித்து, அவர்கள் ஏற்கும் அளவுகோலால் அளக்கும் ஒரு சோதனை. அதில் காந்தத்துக்குப் பலன் இல்லை என்று தெரிந்தால், ஒரு பொய்யான நம்பிக்கைக்கு அவர்கள் செலவழிக்கும் காலமும் பணமும் மிஞ்சும். பலன் உண்டு என்று தெரிந்தால், அரசும் காப்பீடும் அதை அவர்களுக்கு உரிமையாகத் தர வேண்டும். எந்த விடை வந்தாலும் அது அவர்களிடமிருந்தே கிடைத்த விடையாக இருக்கும். மனச்சோர்வு மருத்துவம் இந்த இளைஞர்களுக்கு நெடுநாளாகப் பட்டிருக்கும் கடன் அதுதான்.